ஒரு தடம் மட்டும் தேய்ந்த பாதை

பொம்மை ரயிலையோ காரையோ பழுது பார்க்கக் கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள்: "பழையபடி ஆக்கிக் கொடுங்கள்." அந்தப் பழையபடி என்பது எப்படி இருந்தது என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. துருவைத் தேய்த்து, எண்ணெய் விட்டு, ஓட வைத்துக் கொடுத்துவிடுவேன். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஊத்தான் மெலிந்தாங்கில் உள்ள என் கடைக்கு 2023 தீபாவளிக்கு ஆறு வாரம் முன்பு வந்த இரண்டு அட்டைப் பெட்டிகள் அந்தப் பழக்கத்தை மாற்றிவிட்டன. நடந்ததை எழுதி வைக்கிறேன். இதே வேலையைச் செய்கிறவர்களுக்கும், பரணில் இப்படி ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்களுக்கும் பயன்படும்.

பெட்டிகள் வந்த விதம்

என் தொழில் மோட்டார் சுற்றுவது. மின்விசிறி, தண்ணீர் பம்பு, தையல் இயந்திரம் என்று வருவதைப் பிரித்து, கருகிய கம்பியை எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றித் தருவேன். பொம்மை மோட்டார் வருவது அபூர்வம். வந்தால் மற்ற வேலைகளைத் தள்ளி வைத்துவிட்டு அதைத்தான் முதலில் எடுப்பேன். சிறுவயதில் தெலுக் இந்தானில் ஒரு கடையின் கண்ணாடி அலமாரிக்குள் ஒரு ரயிலைப் பார்த்திருக்கிறேன். அப்போது அந்த ஊருக்கு தெலுக் ஆன்சன் என்று பெயர். அப்பா கையைப் பிடித்து இழுக்கும்வரை அங்கேயே நின்றிருந்தேன். பால்மரம் சீவுகிறவரின் பிள்ளைக்கு அந்தக் காலத்தில் ரயில் என்றால் அவ்வளவுதான்.

பெட்டிகளைக் கொண்டுவந்தவர்கள் அண்ணன் தம்பி. அண்ணனுக்கு 66 வயது, தம்பிக்கு 62. பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். தந்தை துரை பங்களாவில் சமையல்காரர். தோட்டத்தை விட்டுக் குடும்பம் வெளியேறித் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதியில் ஒரு வீட்டுக்கு வந்தபோது பெட்டிகளும் கூடவே வந்து பரண் ஏறின. தாயார் காலமான பிறகு வீட்டை ஒழித்தபோதுதான் கீழே இறங்கியிருக்கின்றன.

ஒரு பெட்டியில் ரயில். ஜின்ட்டி என்று செல்லமாக அழைக்கப்படும் ஆறு சக்கரக் கறுப்பு எஞ்சின், திறந்த சரக்கு வண்டிகள் இரண்டு, கடைசியில் மாட்டும் கார்டு வண்டி, சில தண்டவாளத் துண்டுகள். இன்னொரு பெட்டியில் ஸ்காலெக்ஸ்ட்ரிக் பந்தயக் கார்கள். சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று, நீள்வட்டமாக மூட்டக்கூடிய பாதை, கையில் பிடிக்கும் விசைகள் இரண்டு.

இந்தக் கார்களைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். பாதையில் இரண்டு தடங்கள் உண்டு. ஒவ்வொரு தடத்தின் நடுவிலும் ஒரு பள்ளம், பள்ளத்தின் இரு பக்கமும் ஓர் இரும்புத் தகடு. காரின் முன்புறம் இருக்கும் சிறு நாக்கு பள்ளத்தில் இறங்கி நிற்கும். நாக்கின் இருபுறமும் உள்ள செப்புப் பின்னல்கள் தகடுகளைத் தடவிக்கொண்டே போய் மின்சாரத்தை எடுத்து மோட்டாருக்குக் கொடுக்கும். விசையை அழுத்தினால் வேகம், விட்டால் நிற்கும். வளைவிலும் விடாமல் அழுத்தினால் கார் பாதையை விட்டுப் பறந்து சுவரில் போய் மோதும். எங்கே அழுத்துவது, எங்கே விடுவது என்று விரல் கற்றுக்கொள்வதுதான் முழு ஆட்டமும்.

பிரெட் பிரான்சிஸ் என்ற ஆங்கிலேயர் 1952இல் ஸ்காலெக்ஸ் என்ற பெயரில் சுருள்வில் விசையால் ஓடும் தகரக் கார்களை விற்றார். அதே கார்களுக்கு மின்மோட்டார் வைத்து, பெயரையும் ஸ்காலெக்ஸ்ட்ரிக் என்று நீட்டி, 1957இல் ஹாரோகேட் பொம்மைக் கண்காட்சியில் ஓட்டிக் காட்டினார். மறு ஆண்டே லைன்ஸ் பிரதர்ஸ் என்ற பெரிய பொம்மை நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. ட்ரையாங் என்பது அவர்களுடைய வணிகப் பெயர். 1964இல் அவர்களே ஹார்ன்பி ரயில்களையும் வாங்கினார்கள். 1965 முதல் ரயில்கள் ட்ரையாங் ஹார்ன்பி என்ற பெயரில் வந்தன. 1971இல் லைன்ஸ் பிரதர்ஸ் நொடித்துப் போனது. 1972 முதல் பெட்டிகளில் ஹார்ன்பி ரயில்வேஸ் என்று அச்சிட்டார்கள்.

இவ்வளவு கதை எதற்கென்றால், தம்பி இந்தப் பெட்டி 1975இல் வந்தது என்று அடித்துச் சொன்னார். பெட்டி மேல் இருந்த பெயர் ட்ரையாங் ஹார்ன்பி. ஆகவே 1965க்கும் 1971க்கும் இடையில் செய்தது. டிரான்ஸ்ஃபார்மரின் மின்கம்பிகள் சிவப்பும் கறுப்புமாக இருந்தன. பிரிட்டனில் 1970 வாக்கில் அந்த நிறங்கள் பழுப்புக்கும் நீலத்துக்கும் மாறிவிட்டன. செய்த காலம் இதில் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. லயத்துக்கு எப்போது வந்தது என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் பிறகுதான் கிடைத்தது.

இருவர் சொன்னது

அண்ணன் சொன்னது இது: தினமும் மாலையில் ஆளுக்கொரு காராகப் பந்தயம் விடுவோம். சிவப்பு எனக்கு, பச்சை தம்பிக்கு. பெரும்பாலும் நான்தான் ஜெயிப்பேன். பள்ளிப் பருவம் முழுவதும் இதுதான் எங்கள் விளையாட்டு. ரயிலா? அது ஒருநாளும் ஓடியதில்லை.

தம்பி சொன்னது: பந்தயம் உண்மைதான். ஆனால் ரயிலும் ஓடியது. சிமெண்டுத் தரையில் வாசற்கதவிலிருந்து அடுப்படி வரை ஓடும். அதன் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

இதைச் சொல்லும்போது தம்பியின் குரல் உயர்ந்தது. அண்ணன் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். அந்தச் சிரிப்பு தம்பிக்குப் பிடிக்கவில்லை. 50 ஆண்டுக்கு மேலாக இந்த வழக்கு நடந்துகொண்டிருக்கிறது போலும். இருவர் சொன்னதையும் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன். அப்போது அது பொழுதுபோக்காகத்தான் பட்டது.

மேசை மேல்

முதல் வேலையே தவறு. பாதைத் துண்டுகள் துருவேறியிருந்தன. ஈரக்காற்று வீசும் ஊரில் இரும்புத் தகடு அப்படித்தான் இருக்கும். வழக்கம்போல இரண்டு துண்டுகளை எடுத்துப் பளபளவென்று தேய்த்து முடித்தேன். மூன்றாவது துண்டை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோதுதான் கண்ணில் பட்டது. வெளித்தடத்தின் தகடுகளில் துருவுக்கு அடியில் மேற்பூச்சு போய், வெறும் இரும்பு நீளவாக்கில் தெரிந்தது. உள்தடத்தின் தகடுகளில் பூச்சு அப்படியே இருந்தது. துரு அங்கங்கே புள்ளியாகப் பிடித்திருந்ததே தவிரத் தேய்மானம் என்று எதுவும் இல்லை. மீதித் துண்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே கதை. வெளித்தடத்தில்தான் கார் ஓடியிருக்கிறது. உள்தடத்தில் சில நாள்கூட ஓடியிருக்குமா என்பது சந்தேகம்.

நான் தேய்த்துவிட்ட அந்த இரண்டு துண்டுகளில் இனி எதையும் படிக்க முடியாது. இரண்டு தடமும் ஒன்றுபோல மின்னுகின்றன. இன்றுவரை அது எனக்கு மனக்குறைதான். தேய்மானம் என்பது அந்தப் பிள்ளைகளின் விரல் எழுதிய எழுத்து. படிக்காமலே அழித்துவிட்டேன்.

அதன் பிறகு எண்ணெய்ப் புட்டியை மூடி வைத்துவிட்டு, பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

கைவிசைகளைத் திறந்தேன். உள்ளே பீங்கான் கட்டையில் சுற்றிய தடைக்கம்பி இருக்கும். விசை நகரும்போது ஒரு செப்பு விரல் அந்தக் கம்பியின் மேல் வழுக்கிப் போகும். ஒரு விசையில் அந்த வழுக்குப் பாதை வெள்ளிபோல் தேய்ந்திருந்தது. சூட்டில் பிளாஸ்டிக் கூடு பழுப்பேறியிருந்தது. மற்ற விசை புதிது போலவே இருந்தது. பச்சைக் காரின் ஆர்மேச்சரில், அதாவது மோட்டாருக்குள் சுழலும் கம்பிச் சுருள்களில், மீட்டரை வைத்தேன். மூன்று சுருள்களும் ஒரே அளவு காட்ட வேண்டும். காட்டவில்லை. கம்பியின் மேல் பூசிய எனாமல் கரியாகியிருந்தது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் மூக்கருகே கொண்டுபோனால் கருகல் வாடை வந்தது. அதன் செப்புப் பின்னலோ தேயவே இல்லை. அதாவது பச்சைக் கார் வந்த புதிதிலேயே எரிந்துவிட்டது. ஆளுக்கொரு காராக நடந்த பந்தயம் என்பது மிகச் சில நாள்களின் கதையாக மட்டுமே இருக்க முடியும்.

அடுத்து டிரான்ஸ்ஃபார்மர்கள். அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் மின்பொருள்களைப் பிளக் இல்லாமலே விற்பார்கள். வாங்குகிறவர்தான் மாட்டிக்கொள்ள வேண்டும். இங்கும் அங்கும் ஒரே 240 வோல்ட், ஒரே மூன்று முனைப் பிளக் என்பதால் நேராக மாட்டியிருக்கலாம். ஆனால் இரண்டு பெட்டிகளின் டிரான்ஸ்ஃபார்மர்களிலும் கம்பி முனை தொழிற்சாலையில் முறுக்கியபடியே இருந்தது. திருகாணி அழுத்திய தழும்பு இல்லை. ஆக, இரண்டும் ஒருநாளும் மின்சாரம் பார்த்ததில்லை.

அப்படியானால் வெளித்தடத்தைத் தேய்த்த கார் எதில் ஓடியது? இன்னொன்றும் என்னை உறுத்தியது. ஒரு வளைவுத் துண்டில், தகட்டின் மேல் கடுகளவு ஒரு குழி. இரும்பு உருகித் தெறித்த குழி. பொம்மை டிரான்ஸ்ஃபார்மரில் கம்பி உரசினால் பொறி பறக்கும், பிறகு அதிலுள்ள பாதுகாப்பு விசை மின்சாரத்தை நிறுத்திவிடும். இரும்பு உருகாது. அதைவிட வலுவான ஏதோ ஒன்று இந்தப் பாதைக்கு மின்சாரம் கொடுத்திருக்கிறது. இரண்டு நாள் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

ரயில் என்ன சொன்னது

ஜின்ட்டியைத் தலைகீழாகத் திருப்பினேன். ஆறு சக்கரங்களிலும் ஒரே இடத்தில் தட்டையான தேய்மானம். நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது.

இந்த எஞ்சினின் மோட்டார் அச்சில் திருகு வடிவில் ஒரு பல் இருக்கும். மோட்டார் சுழன்றால் அந்தத் திருகு சக்கரத்தின் பல்லைத் தள்ளும். சக்கரத்தைச் சுழற்றி மோட்டாரைத் திருப்ப முடியாது. பூட்டியது போல் நின்றுவிடும். சக்கரங்கள் மூன்று அச்சிலும் கம்பியால் இணைக்கப்பட்டிருப்பதால் ஒன்று பூட்டினால் ஆறும் பூட்டிவிடும். அந்த நிலையில் எஞ்சினைக் கையால் தள்ளினால் சக்கரம் உருளாது, தரையில் இழுபடும். தொட்டுக்கொண்டிருக்கும் இடம் மட்டும் தேயும். இடையில் ஒருமுறையேனும் மோட்டார் நன்றாக ஓடியிருந்தால் வேறு இடம் தரைக்கு வந்திருக்கும், தேய்மானமும் இடம் மாறியிருக்கும். மாறவே இல்லை. மோட்டாரின் சுழலும் செப்பு உருளையான கம்யூட்டேட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் கரி பிரஷ்களும் அதன் வளைவுக்கேற்பக் குழியாமல் அநேகமாகத் தட்டையாகவே இருந்தன.

அண்ணன் சொன்னது சரி, ரயில் மின்சாரத்தில் ஓடியதில்லை. தம்பி சொன்னதும் சரி, ரயில் ஓடியது. எஞ்சினின் கொதிகலன் மேல் இருபுறமும் கறுப்புச் சாயம் மங்கி இரண்டு நீள்வட்டங்கள் இருந்தன. என் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அங்கே வைத்துப் பார்த்தேன். என் விரல்கள் பெரிதாக இருந்தன.

சரக்கு வண்டிகளின் தரையில் செம்மஞ்சள் கறை. பெயிண்டோ துருவோ என்று நினைத்தேன். வெந்நீரில் நனைத்த பஞ்சால் ஓரத்தில் ஒற்றியபோது எண்ணெய்ப் பிசுக்கு வந்தது. இந்த ஊரில் பிறந்த யாருக்கும் அந்த நிறத்தை அடையாளம் தெரியும். செம்பனைக் குலையிலிருந்து உதிர்ந்த பழம். ஒரு வண்டிக்கு இரண்டு பழம் பிடிக்கும்.

எங்கள் வட்டாரத்தில் பிள்ளைகளுக்கு ரயில் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பயணிகள் ரயில் இல்லை. தாப்பா ரோட்டிலிருந்து தெலுக் ஆன்சனுக்கு 1893இல் போட்ட கிளைப்பாதை ஒன்று இருந்தது, அது பட்டணத்துக்குப் போகும்போது பார்ப்பது. அன்றாடம் பார்ப்பது தோட்டத்து லோக்கோதான். குறுகிய தண்டவாளத்தில் சிறு எஞ்சின் ஒன்று, செம்பனைக் குலை ஏற்றிய கூண்டு வண்டிகளை வரிசையாக இழுத்துக்கொண்டு ஆலைக்குப் போகும். இங்கே பக்கத்தில் ஜெண்டராத்தா தோட்டத்தில் அந்த முறை நெடுங்காலம் நிலைத்திருக்கிறது. லண்டன் மிட்லண்ட் ஸ்காட்டிஷ் ரயில்வேயின் கறுப்பு நீராவி எஞ்சினைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பையன் உதிரிப்பழம் ஏற்றி ஆலைக்கு அனுப்பியிருக்கிறான்.

இதில் இன்னொரு பொருத்தமும் உண்டு. இந்த வகை ரயிலின் உடலை நிஜத்தில் 76இல் ஒரு பங்காகச் செய்தார்கள். தண்டவாளத்தின் அகலமோ 16.5 மில்லிமீட்டர். பிரிட்டனின் நிஜ ரயில் பாதையின் அகலம் 1,435 மில்லிமீட்டர், அதை 76ஆல் வகுத்தால் ஏறக்குறைய 19 வர வேண்டும். ஆகவே உடலுக்குப் பாதை ஒடுங்கியே இருக்கும். பிரிட்டனில் நுணுக்கமாகப் பார்ப்பவர்களுக்கு இது ஒரு குறை. ஒரு மீட்டர் அகலப் பாதையில் நம் ரயிலைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது குறையாகத் தெரிந்திருக்காது.

மூடியின் உட்புறம்

பெட்டி மூடிகளைத் தூசி தட்ட எடுத்தது கடைசியில்தான். கார்ப் பெட்டி மூடியின் உட்புறத்தில் பென்சிலால் கோடுகள். நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்த கட்டுகள். மூன்று கட்டங்கள் பிரித்து, தலையில் மூன்று எழுத்துகள்: பெ, சி, அ.

பெரியவன், சின்னவன். மூன்றாவது எழுத்தை நான் ஊகித்துக்கொண்டு சகோதரர்களை வரச் சொன்னேன். வந்தார்கள். மூடியை மேசை மேல் வைத்தேன். தம்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். அண்ணன்தான் முதலில் சொன்னார், "அக்கா எழுத்து."

இருவரும் எனக்குச் சொன்ன கதையில் அக்கா என்று ஒருவர் இல்லவே இல்லை.

எண்ணிப் பார்த்தோம். பெ கட்டத்தில் 41 வரிசை. சி கட்டத்தில் 104. பெ முடிகிற இடத்துக்கு நேராக அ தொடங்கி 63 வரிசை போகிறது. ஒவ்வொரு வரிசையிலும் ஐந்து கோடுகள், அதற்குமேல் ஒன்றுகூட இல்லை. அண்ணன் 41 என்ற எண்ணின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. பள்ளிப் பருவம் முழுவதும் என்று அவர் சொன்னது 41 மாலைகள்.

கடையிலிருந்தே அக்காவுக்குத் தொலைபேசினோம். கிள்ளானில் மகள் வீட்டில் இருக்கிறார், 68 வயது. ஸ்பீக்கரில் போட்டோம். அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன்.

துரையின் மகன் இங்கிலாந்தில் விடுதியில் தங்கிப் படித்தவன். விடுமுறைக்கு வருவான் என்று வாங்கி வைத்த பெட்டிகள் இவை. அவன் வரவில்லை. துரை குடும்பமே ஊர் திரும்பியபோது, 1969 கடைசியில், துரைசாணி பிரிக்காத பெட்டிகளைச் சமையல்காரரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அக்காவுக்கு அப்போது 14 வயது. பள்ளியை நிறுத்திவிட்டு அம்மாவோடு பங்களா வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

லயத்தில் வீட்டுக்கு ஒரு பல்பு, பிளக் பாயிண்ட் கிடையாது. தோட்டத்து எஞ்சின் மாலை ஆறரைக்கு ஓடத் தொடங்கிப் பத்து மணிக்கு நிற்கும். பல்புக் கம்பியில் கை வைத்தால் தோலை உரித்துவிடுவேன் என்று அப்பா சொல்லியிருந்தார். தோட்டத்து லோரி ஓட்டுநர் லயத்துக் கடைசி வீடு. அவர்தான் பெட்டி மேல் 12 வோல்ட் என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, என் லோரி பேட்டரியும் அதுதானே என்றார். சாயங்காலம் லோரியை ஜன்னலோரம் நிறுத்தி இரண்டு கம்பியை உள்ளே விட்டார்.

முதல் வாரத்திலேயே பச்சைக் கார் வளைவில் சிக்கிக்கொண்டது. சின்னவன் விசையை விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். புகை வந்தது. இன்னொரு நாள் பாதையில் ஆணி விழுந்து பொறி பறந்தது. ஓட்டுநர் பயந்துபோய் ஒரு நிபந்தனை போட்டார். இனி ஒரே கார், ஒரு மாலைக்கு 100 சுற்று, அதற்குமேல் ஓட்டினால் காலையில் லோரி கிளம்பாது. எண்ணி ஒப்படைக்க வேண்டியது அக்காவின் பொறுப்பு. ஆளுக்கு 50 சுற்று, பத்துச் சுற்றுக்கு ஒரு கோடு. தினமும் ஒரு குவளைக் கோப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்து ஓட்டுநரைக் கேட்பதும் அவர்தான். 1970 தொடக்கத்தில் பெரியவன், தமிழ்ப் பள்ளி முடித்தவர்கள் இடைநிலைப் பள்ளியில் முதலில் படிக்கும் ரிமூவ் வகுப்புக்குப் பட்டணத்துக்குப் போய்ச் சித்தப்பா வீட்டில் தங்கிவிட்டான். அவனுடைய 50 சுற்று சும்மா கிடந்தது. அதை நான் எடுத்துக்கொண்டேன் என்றார்.

"நீ ஓட்டினாயா அக்கா?" என்று அண்ணன் கேட்டார்.

"நீ இல்லாதபோதுதானே ஓட்ட முடியும்," என்றார் அக்கா.

பழுதும் காரணமும்

இந்தப் பதிலோடு மேசை மேல் இருந்த புதிர்கள் அவிழ்ந்தன. லோரி பேட்டரியும் டிரான்ஸ்ஃபார்மரும் ஒரே 12 வோல்ட்தான். ஆனால் பேட்டரி கொடுக்கக்கூடிய மின்னோட்டத்துக்கு அளவில்லை, இடையில் பாதுகாப்பு விசையும் இல்லை. ஆணி விழுந்த இடத்தில் தகடு உருகியது அதனால். கார் சிக்கி நின்றபோதும் மின்சாரம் நிற்கவில்லை. சுழல முடியாத மோட்டார் எடுக்கும் மின்சாரம் முழுவதும் சூடாகி எனாமலைக் கரித்தது. ஓட்டுநர் போட்ட நிபந்தனையில் கணக்கு சற்று மிகை. ஒரு பொம்மைக் கார் 100 சுற்று ஓடினால் லோரி பேட்டரிக்கு உறைக்கவே உறைக்காது. ஆனால் அந்த மிகையால்தான் மூடியில் கணக்கு இருக்கிறது. நீள்வட்டம் மூன்றரை மீட்டர். 104 மாலை, மாலைக்கு 100 சுற்று. ஒரே தடத்தில் 36 கிலோமீட்டருக்கு மேல் அந்தச் சிவப்புக் கார் ஓடியிருக்கிறது.

ஒன்றை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை. ஜின்ட்டியும் 12 வோல்ட்டில் ஓடுவதுதான். பாதைக்கு விட்ட அதே இரண்டு கம்பியை, அதே கைவிசை வழியாக, தண்டவாளத்தில் தொட்டிருந்தால் ரயில் ஓடியிருக்கும். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. எட்டு வயதுப் பையன் அதைத் தரையில் இழுத்துத் தேய்த்துக்கொண்டிருந்த அத்தனை நாளும் தீர்வு ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்து கிடந்தது.

செய்த வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பச்சைக் காரின் ஆர்மேச்சரை அவிழ்க்கும்போதே சுற்றுகளை எண்ணிக்கொண்டு, அதே தடிமன் கம்பியில் மூன்று துருவத்துக்கும் ஒரே எண்ணிக்கையில் சுற்றினேன். ஜின்ட்டியின் மோட்டாரைத் திறக்கும்போது ஒரு எச்சரிக்கை வேண்டும். இந்தப் பழைய காந்தக் கட்டைகளிலிருந்து ஆர்மேச்சரை வெறுமனே வெளியே எடுத்தால் காந்த சக்தி குறைந்துவிடும். எடுப்பதற்கு முன் இரு முனைகளையும் ஓர் இரும்புத் துண்டால் பாலம்போல் இணைத்துக்கொள்ள வேண்டும். பலர் இதைத் தெரியாமல் மோட்டாரை வலுவிழக்கச் செய்துவிட்டு, பொம்மை பழசாகிவிட்டது என்கிறார்கள். ரப்பர் டயர்கள் கல்லாகி வெடித்திருந்தன. புதியவை போட்டுப் பழையதைப் பெட்டியிலேயே ஓர் உறையில் வைத்தேன். தகடுகளில் துருவை மட்டும் மரக்குச்சியும் எண்ணெயும் கொண்டு எடுத்தேன். வெளித்தடத்தின் தேய்மானத்தையும், உருகிய குழியையும், வண்டிகளின் செம்மஞ்சள் கறையையும், எஞ்சின் சக்கரங்களின் தட்டையையும் தொடவில்லை. சக்கரத்தைக் கடைந்து சரிசெய்யலாமா என்று தம்பியிடம் கேட்டேன். வேண்டாம் என்று கையை மறித்தார்.

என்னிடம் பொம்மை கொண்டுவருகிறவர்களில் சிலர் வெளிநாட்டிலிருந்து பிரிக்காத பெட்டியாகத் தேடி வாங்குகிறார்கள். ஆசை நியாயமானது. தெலுக் இந்தானிலிருந்து ஒருவர் அப்படி ஒன்றைக் கொண்டுவந்து சோதித்துத் தரச் சொன்னார். அருமையாக ஓடியது. இரண்டு முறை சுற்ற விட்டுவிட்டுப் பெட்டிக்குள் வைத்து மூடினார். அதில் படிக்க எதுவும் இல்லை என்பதால் எனக்கும் அவரிடம் சொல்ல எதுவும் இல்லாமல் போயிற்று.

ஓட்டிப் பார்த்த நாள்

தீபாவளிக்கு மறுநாள் தம்பி வீட்டு ஹாலில் பாதையை மூட்டினோம். நான் தேய்த்துப் பாழாக்கிய இரண்டு துண்டுகளைச் சுவரோரமாகப் போகும் நேர்ப்பாதையில் வைத்தேன். அக்கா கிள்ளானிலிருந்து வந்திருந்தார். தம்பியின் மகனுக்கு முப்பது தாண்டிவிட்டது. அவன் காலத்தில் தாமியாவின் மினி ஃபோர்வீல் கார்கள்தான் பைத்தியம். 1982இல் வந்தவை. இரண்டு சிறு பேட்டரி போட்டுப் பாதையில் விட்டால் தானாக ஓடும், ஓட்டும்போது கையில் எதுவும் இருக்காது. அவன் கைவிசையை வாங்கி அழுத்தி, முதல் வளைவிலேயே சிவப்புக் காரைச் சோபாவுக்கு அடியில் அனுப்பினான்.

முதலில் ரயில். புதிய மின்பெட்டியின் குமிழை மெதுவாகத் திருப்பினேன். ஜின்ட்டி நகர்ந்தது. சக்கரம் ஒருமுறை சுற்றும்போதெல்லாம் தட்டையான இடம் தண்டவாளத்தில் பட்டு டக், டக் என்று ஒலித்தது. தம்பி தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தண்டவாளத்துக்கு ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு அது கடந்து போவதைப் பார்த்தார். மூன்று சுற்று அப்படியே கிடந்தார். அவருடைய மனைவி தோட்டத்திலிருந்து உதிரிப்பழம் நான்கு பொறுக்கி வைத்திருந்தார்.

பிறகு கார்கள். வெளித்தடத்தில் சிவப்பு, உள்தடத்தில் பச்சை. அண்ணனும் தம்பியும் தரையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். 50 ஆண்டு கழித்து இரண்டு கார்களும் சேர்ந்து ஓடின. பத்து நிமிடம் இருக்கும். ஒன்று பறந்தால் மற்றதும் நின்றது, எடுத்து வைப்பதற்குள் யார் எத்தனையாவது சுற்றில் இருக்கிறார் என்பது குழம்பியது, இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். தம்பி பச்சைக் காரைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அக்கா, எண்ணு," என்றார்.

அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மூடியை மடியில் வைத்துக்கொண்டார். அண்ணன் ஓட்டினார். ஒன்று, இரண்டு என்று எண்ணும் குரல் மட்டும் ஹாலில் கேட்டது. பத்துக்கு ஒரு கோடு. ஐந்தாவது கோட்டைக் குறுக்கே இழுத்ததும் அக்கா பென்சிலை நீட்டி, மறு கையால் விசையைக் கேட்டார். அண்ணன் விசையைக் கொடுத்துவிட்டு எழுந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். சிவப்புக் கார் பத்துச் சுற்று முடித்தபோது, அ கட்டத்தின் 64ஆவது வரிசையில் முதல் கோட்டை அவர் போட்டார்.